அரிக்காத தேமல்

நாகூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தவர் கீழவாஞ்சூரில் நிலக்கரி லாரி ஓட்டுகிறவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. பக்கத்தில் அவர் மனைவி, மடியில் ஆஸ்பத்திரி மாத்திரைக் கவரோடு. அவர் கேட்ட கேள்வியில் நான் கையிலிருந்த போனை வைத்துவிட்டேன்.

"தேமல் அரிக்கலைன்னா சந்தோஷந்தானே படணும்? டாக்டரம்மா மூஞ்சி ஏன் அப்படிப் போச்சு?"

"வெறும் தேமல்னா தொட்டாத் தெரியணுமாம்ங்க. இது தோலு மரத்துப் போயிருக்காம்."

"எனக்கு முன்னாடி ஒருத்தன் படர்தாமரையோட வந்து, சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தமே வந்துருச்சு. அவனுக்கு ஒரு களிம்போட சரி. ஒரு தொந்தரவும் இல்லாத எனக்கு மாசக்கணக்குல மாத்திரையா?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தொழுநோய் ஆரம்பமாம். மாத்திரையிலயே குணமாயிடுமாம்."

"எதை வச்சு சொல்றாங்க? கண்ணை மூடுங்க, பஞ்சால தொடுறேன்னாங்க. தொடவே இல்லையே."

"தொட்டாங்க."

"இல்லங்கிறேன்."

"நாந்தான் பக்கத்துல நின்னு பாத்தேனே. திரும்பத் திரும்பத் தொட்டாங்க."

அவர் சட்டைக் கையை மடித்து முன்கையை அவள் பக்கம் நீட்டினார். எலுமிச்சம்பழ அளவுக்கு வெளுத்த வட்டம் ஒன்று.

"நீ தொடு. நான் கரெக்டா சொல்றனா இல்லையா பாரு" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் ஒரு விரலை அந்த வட்டத்தின் நடுவில் வைத்தாள். பஸ் வழியில் பட்டினம் ஸ்டாப்பில் நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. விரல் அங்கேயே இருந்தது.

"என்ன யோசனை?" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "தொடு."