மூடிமேல் போட்ட கோடு

என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்குக் காப்பகத்து ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்ததே அதனால்தான். பேசச் சொன்னால் நா எழாது. விசாரணையில் நீங்கள் கேட்டதை எழுதியே தருகிறேன், ஐயா.

எங்கள் காப்பகத்தில் பதினொரு கிப்பன்கள் இருந்தன. வாலில்லாத, கை நீண்ட குரங்குகள். திருட்டு வியாபாரிகளிடமிருந்து மீட்டவை. சித்தப்பா அவற்றைப் பார்த்துக்கொண்டார். நான் பழம் நறுக்குவேன், குப்பிகளில் எண் எழுதுவேன்.

எது எந்த வம்சம் என்று கண்டுபிடிக்க ஆய்வாளர் அக்கா வந்தார். மலை வம்சம், ஆற்றங்கரை வம்சம் இரண்டிலும் பெண்கள் ஒரே வெளிர்மஞ்சள். பாட்டை வைத்துத்தான் பிரிக்க முடியும். ஆனால் குட்டியிலிருந்தே கூண்டில் வளர்ந்த இருவர் பாடியதேயில்லை. ஆறாம் கூண்டில் ஊமை. ஒன்பதாம் கூண்டில் வாயாடி. கத்துவாளே தவிர பாடமாட்டாள். அதனால் இருவருக்கும் முடியைப் பிடுங்கி மரபணுவைப் பார்த்தார்கள்.

"என்னம்மா, சவுரி முடியான்னு இழுத்துப் பாக்குறீங்களா?" என்றார் சித்தப்பா.

"சவுரியில வேர் இருக்காதுண்ணே. இவ அம்மா, அம்மாவோட அம்மா, எல்லாரும் இந்த வேர்லதான் இருக்காங்க."

"அப்படியே எங்க வம்சத்தையும் பாருங்க. எங்க அண்ணன் பெத்தது மட்டும் வாயே திறக்க மாட்டேங்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மலைக்காட்டில் மலை வம்சத்து ஆண் கிப்பன் ஒருவன் மட்டும் மிஞ்சியிருந்தான். தினமும் தனியாகப் பாடுவானாம். இருவரில் மலை வம்சத்தவள் யாரோ, அவளை அவனிடம் விடுவதாக ஏற்பாடு.

"எனக்கென்னவோ ஊமைதான்னு தோணுது" என்றார் அக்கா.

ஊமை கம்பி வழியாகக் கையை நீட்டி என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்வாள். பள்ளியில் என் பக்கத்தில் யாரும் உட்கார்ந்ததில்லை.

குப்பியின் மூடி வட்டமானது. 6 என்று எழுதியதைத் திருப்பினால் 9. குழம்பாமலிருக்க எண்ணுக்கு அடியில் ஒரு கோடு போடுவோம். அன்று அந்த இரண்டு மூடிகளில் மட்டும் கோட்டை எண்ணின் தலையில் போட்டேன். நான் செய்தது அவ்வளவுதான்.

வாயாடிதான் மலை வம்சம் என்று முடிவு வந்தது. அக்கா தன் தலையில் தானே குட்டிக்கொண்டார். "கண்ணு பொய் சொல்லும். மரபணு பொய் சொல்லாதுண்ணே."

வண்டியில் ஏற்றும்போது வாயாடி கத்தினாள். வழிக்கு வேண்டிய பழத்தை நான்தான் கட்டிக் கொடுத்தேன்.

காட்டிலிருந்து தினமும் தகவல் வந்தது. அவன் பாடுகிறான், இவள் பதில் பாடவில்லை. அவன் விரட்டுகிறான். இவள் இரை தேடத் தெரியாமல் கிளையிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அப்போதே நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் வாயாடியைத் திரும்பக் கொண்டுவந்து ஊமையை அனுப்பியிருப்பார்கள். அவன் அப்போது பாடிக்கொண்டுதான் இருந்தான்.

பத்தொன்பதாம் நாள் வாயாடி மரத்தடியில் கிடந்தாள். பூனைக்குட்டி கனம்தான் இருந்தாளாம். அவள் உடம்பைச் சோதித்தபோது ஆற்றங்கரை வம்சம் என்று தெரிந்தது. ஊமையை அவசரமாகக் கொண்டுபோக நினைப்பதற்குள் மலையில் பாட்டு நின்றுவிட்டது. தேடப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

"நான்தான் குப்பியை மாத்தி எடுத்திருப்பேன்" என்று அக்கா எழுதிக்கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போனார். போகும்போது என் தலையைத் தடவி, "உன் மேல ஒரு தப்பும் இல்லடா கண்ணு" என்றார். நான் தலையாட்டினேன். அவர் வரைந்த வம்ச மரம் இன்னும் சுவரில் இருக்கிறது. அதில் மலைக்கிளை இனி நீளாது.

போன வாரம் காலையில் ஊமை முதல் தடவையாகப் பாடினாள். பாடிவிட்டு நிறுத்தி, மலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக் காத்திருந்தாள். மறுபடி பாடினாள். மறுபடி காத்திருந்தாள். சித்தப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவருக்குப் புரியவில்லை, ஐயா. அவள் கூப்பிட்டது என்னைத்தான்.