நாலு பாத்தி, இருபது டப்பா

– மாடிக் கதவுச் சாவி எங்கேம்மான்னு கேட்டா, சாவி இருக்கு மாமாங்கறே. எங்க இருக்குன்னுதானே கேட்டேன்?

– என்கிட்டதான் இருக்கு மாமா. சாயந்திரம் உங்க பையன் வேலையிலேர்ந்து வந்துடட்டும், அவரைப் பிடிச்சுக்கிட்டு ஏறுங்க. பதினெட்டுப் படி.

– பதினெட்டுப் படின்னு எனக்கே கணக்குச் சொல்றியா? முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டுன ஆளு நான். எந்த ரோட்டுல எத்தனை பள்ளம்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். டாக்டர் நேத்து என்ன சொன்னாரு, படி ஏறலாம்னாரா இல்லையா?

– ஏறலாம்னாரு. மெதுவா, பிடிச்சுக்கிட்டு ஏறலாம்னாரு.

– வலது கை நல்லாத்தானே இருக்கு, கைப்பிடியைப் பிடிச்சுப்பேன். இடது கை பாட்டுக்கு டிக்கெட் எடுக்காத ஆள் மாதிரி கூடத் தொங்கிக்கிட்டு வரட்டும். நீ பின்னால வா, போதும்.

– வெயில் ஜாஸ்தி மாமா. நான் வேணா போய் நாலு கத்திரிக்காய் பறிச்சுட்டு வந்து காட்டறேன்.

– அஞ்சு மாசமா நீ பறிச்சுட்டு வர்றதைத்தானே பார்க்கறேன். செடியைப் பார்க்கணும்மா. நாலு பாத்தி, இருபது டப்பா. இடுப்பு உயரத்துக்குச் செங்கல் அடுக்கி, மண் மூட்டையை ஒண்ணொண்ணா தோள்ல தூக்கிட்டுப் போய்க் கொட்டினவன் நான். நேத்துகூட கைக்குப் பயிற்சி குடுக்க வர்ற அந்த பிசியோ பொண்ணுக்கு ஒரு பை தக்காளி குடுத்தேன். இது கடைத் தக்காளி இல்லம்மா, வாயில போட்டாலே வித்தியாசம் தெரியும்னு சொன்னேன்.

– கேட்டேன் மாமா. உள்ளதான் தைச்சுக்கிட்டு இருந்தேன்.

– அப்புறம் என்ன? குடு சாவியை.

– மாமா, கொஞ்சம் உட்காருங்க. இந்தப் படியிலயே உட்காருங்க. ஒண்ணு சொல்லணும்.

– ஏதாவது செடி பட்டுப்போச்சா? அதுக்கா இவ்வளவு தயக்கம்? ரெண்டு மூணு போறதுதான்.

– எல்லாம் போச்சு மாமா.

– எல்லாம்னா?

– ஒண்ணுகூட இல்ல. நாலு பாத்தியும், டப்பா அத்தனையும்.

– அப்ப நேத்து வெண்டைக்காய்?

– தெருமுனைக் கடையில வாங்கினேன்.

– கீரை?

– அதுவும் அங்கதான். வேர்ல மண்ணு ஒட்டியிருக்கற கட்டா பார்த்து எடுப்பேன். சில நாள் கழுவி வச்சிருப்பாங்க. அப்ப வாசல் மண்ணைக் கொஞ்சம் தேய்ச்சுவிட்டுக் கொண்டு வருவேன்.

– அதான் தக்காளி எல்லாம் ஒரே அளவுல இருந்துச்சா. நான் என்னடான்னா, மண் கலவை சரியா அமைஞ்சுடுச்சுன்னு பெருமைப்பட்டுக்கிட்டு இருந்தேன். இது அவனுக்குத் தெரியுமா?

– தெரியாது. தினமும் காலைல வாளியும் கையுமா நான் படி ஏறுறதைப் பார்ப்பாரு. கதவு வரைக்கும் போவேன் மாமா. சாவியைப் போடுவேன். திருப்ப மட்டும் கை வராது. அங்கயே உட்கார்ந்திருந்துட்டு, இறங்கி வந்து தண்ணியைக் குளியலறையில கொட்டிடுவேன்.

– கதவு வரைக்கும் சுமந்த தண்ணியை ரெண்டடி தள்ளி ஊத்த உனக்கு மனசு வரல. அன்னிக்கு நான் பேசினதுக்குப் பழி வாங்கினியா?

– இல்ல மாமா.

– பின்ன? பீட்ரூட் நாத்தைப் புல்லுன்னு நினைச்சு ஒரு பாத்தியையே பிடுங்கிப் போட்டுட்டே. கத்துனேன். யாரா இருந்தாலும் கத்தத்தான் செய்வாங்க.

– கத்துனது மட்டுமா? துணி வெட்டற கைக்கு வெட்ட மட்டும்தான் தெரியும்னீங்க. யூனிஃபார்முக்கு அளவு குடுக்க வந்தவங்க வாசல்ல நிக்கறாங்க, அவங்க காதுல விழற மாதிரி. இனிமே மாடிப் பக்கம் வராதேன்னும் சொன்னீங்க.

– சொன்னேன். இல்லைங்கல.

– அதுக்காக இல்ல மாமா. நிஜமா சொல்றேன், அதை நான் அன்னிக்கே விட்டிருப்பேன். ஆனா நீங்க மறுபடியும் கூப்பிட்டீங்க.

– எப்ப?

– விழுந்தீங்களே, அன்னிக்குத்தான். பத்து மணி இருக்கும். மேலேர்ந்து மூணு தடவை கூப்பிட்டீங்க. எனக்குக் கேட்டுச்சு.

– மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கலன்னு சொன்னியே.

– எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். பொய். முதல் தடவை கூப்பிட்டப்ப கால் தானா நின்னுச்சு. அப்புறம், வராதேன்னு சொன்னவரு இப்ப எதுக்குக் கூப்பிடணும்னு வீம்பு. வேகமா மிதிச்சேன். நீங்க கூப்பிடக் கூப்பிட இன்னும் வேகமா. நாலு சட்டைக்குக் காலர் வச்சு முடிச்சேன் மாமா, நாலு சட்டைக்கு. அப்புறம் துணி காயப் போடலாம்னு மேல வந்தா, நீங்க குப்புறக் கிடக்கறீங்க.

– எவ்வளவு நேரம் இருக்கும் அதுக்குள்ள?

– முக்கால் மணி நேரம். ஒரு அரைமணி முன்னாடி கொண்டு வந்திருந்தா கை பழையபடி ஆகியிருக்கும்னு டாக்டர் சொன்னப்ப நான் அழுதேனே, மருமகளுக்கு எவ்வளவு பாசம் பாருன்னு வார்டே பேசிக்கிச்சு. நீங்களும் தலையைத் தடவிக் குடுத்தீங்க. அது பாசமில்ல மாமா. தினமும் காலைல உங்க சட்டைக்குப் பட்டன் போட்டுவிடறப்ப, அந்தக் கையைத் தூக்கி நுழைக்கறப்ப, உங்க முகத்தைப் பார்க்க மாட்டேன்.

– எழுந்திரு. மேல போய்க் கதவைத் திற.

– மாமா, திட்டறதுன்னா இங்கயே திட்டிடுங்க.

– ஏறும்மா. பிடிச்சுக்க என்னை. மெதுவா. பதினாறு, பதினேழு, பதினெட்டு. ஆங், நிலையைத் தாண்டிட்டேன்.

– நிழல்ல நில்லுங்க.

– இது தக்காளி இருந்த டப்பாதானே? குச்சி கட்டினதை வச்சு அடையாளம் தெரியுது. மண்ணு பாளம் பாளமா வெடிச்சுடுச்சு. ஹோஸ்கூட இழுத்த வாக்குலயே கிடக்கு.

– எதையும் தொடலை மாமா. உங்களைத் தூக்கிட்டுப் போன அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு. இதோ உங்க ஒத்தச் செருப்பு. ஆஸ்பத்திரியில தொலைஞ்சு போச்சுன்னு சொன்னேனே, அதுவும் பொய்தான்.

– அந்தப் பெயிண்ட் டப்பாவைக் கவுத்துப் போடு, உட்காரணும். நீயும் இப்படி உட்காரு. கேட்டுக்க. நீ கேட்ட மூணு தடவையும் நான் இங்க நல்லாத்தான் நின்னுக்கிட்டிருந்தேன்.

– எனக்காகச் சொல்லாதீங்க மாமா.

– உனக்காகப் பொய் சொல்ற அளவுக்கு எனக்கு நல்ல மனசு இருந்திருந்தா அன்னிக்கு அப்படிப் பேசியிருக்க மாட்டேன். ஹோஸ்ல தண்ணி நின்னு போச்சு. கீழ குழாயைத் திறன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன், ரெண்டு தடவை. நீ வரல. மூணாவது தடவை கூப்பிட்டது திட்டறதுக்கு. அதுக்கும் கால்மணி நேரம் கழிச்சுத்தான் விழுந்தேன்.

– விழுந்த பிறகும் கூப்பிட்டிருப்பீங்களே. அதுவும் என் காதுல விழாம போயிருக்கே.

– கூப்பிடல.

– பேச்சு வந்திருக்காது மாமா. பக்கவாதம் வர்ற நேரத்துல வாய் கோணிக்கும்னு டாக்டர் சொன்னாரு.

– எனக்கு வாய்க்கு ஒண்ணும் ஆகல. ஆம்புலன்ஸ்ல நான் பேசிக்கிட்டுத்தானே வந்தேன்?

– ஆமா. பாலத்து வழியா போகாதே, நெரிசலா இருக்கும்னு டிரைவருக்கு வழி சொன்னீங்க.

– ஆஸ்பத்திரியில நீ அழுதப்பவே இதைச் சொல்லியிருக்கணும். சொல்லாம தலையைத் தடவினேன். எனக்காக ஒருத்தி அழறாளேன்னு சுகமாக்கூட இருந்துச்சு.

– என்ன சொல்றீங்க மாமா? எனக்குப் புரியல.

– இதே இடத்துல கன்னம் தரையில பதிஞ்சு கிடந்தேன். கீழ உன் மெஷின் ஓடறதும் நிக்கறதும் தரை வழியா காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நிக்கறப்ப ஒரு குரல் குடுத்தா நீ ஓடி வந்துடுவேன்னு நல்லாத் தெரியும். ஆறு தடவை நின்னுச்சும்மா, எண்ணினேன். வராதேன்னு சொன்ன வாயால வான்னு கூப்பிடறதான்னு ஆறு தடவையும் பல்லைக் கடிச்சுக்கிட்டே கிடந்தேன்.