மறுபடியும் பாத்திரம் கழுவ

காலை ரயிலில் ஆரம்பாக்கத்தில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். இருவரும் ஒரே ஓட்டலில் வேலை செய்கிறவர்கள். "என்னை மறுபடியும் பாத்திரம் கழுவவே போட்டுடுங்கன்னு மொதலாளிகிட்ட சொல்லப் போறேன்க்கா" என்றாள் வயதில் சின்னவள்.

"இன்னாடி, பைத்தியமா? சப்ளைக்கு வந்து ஒரு மாசம்கூட ஆவல. சோப்புத் தண்ணில கையெல்லாம் புண்ணா கெடந்தது மறந்துபோச்சா?"

"டிப்ஸ் வரும்னு சொல்லி சம்பளத்துல ரெண்டாயிரம் கம்மி பண்ணிட்டாரேக்கா."

"வருதில்ல?"

"யாரு தராங்க? சாப்பிட வர்றதெல்லாம் கம்பெனி காண்ட்ராக்ட் ஆளுங்க. போன்ல ஸ்கேன் பண்ணிக்கினு போய்டறாங்க. நான் அவங்க கையப் பாத்துக்கினு நிக்கறேன்."

"போகப் போகப் பழகிடும்."

"நேத்து நம்ம தெரு மேரி வந்தா. எம் பொண்ணுகூடப் படிச்சவ, இப்பத்தான் கம்பெனில சேந்திருக்கா. சாப்பிட்டுட்டு, தட்டுக்கடியில இருபது ரூபா வெச்சுட்டுப் போனா."

மூத்தவள் கேட்டாள்: "எடுத்துக்கினியா?"

"அவ வாசல் தாண்டற வரைக்கும் எடுக்கல."

கும்மிடிப்பூண்டி வந்தது. மூத்தவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வா, மொதலாளிகிட்ட நானும் கூட வந்து சொல்றேன்."