வோல்காவுக்கு அடியில் மாமனார்

பெர்மெட்: மாமா… மூச்சு விட முடியுதா?

ஓமுர்பெக்: விடறேன், விடறேன். உள்ள இழுக்கறதுதான் சிக்கல். கொஞ்சம் பெருசா இழுத்தா இந்த வோல்கா காரு வந்து வயித்துல இடிக்குது.

பெர்மெட்: அசையாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அசையாதீங்க.

ஓமுர்பெக்: அசையற நிலைமையிலயா இருக்கேன்? காருக்குக் கீழ பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டுக் கிடக்கேன்… ஜாக்கி என்னாச்சு பாத்தியா?

பெர்மெட்: ஜாக்கி அப்படியேதான் நிக்குது மாமா. காருதான் இறங்கிடுச்சு. கதவுக்குக் கீழ இருக்கற தகட்டைப் பொத்துக்கிட்டு ஜாக்கி உள்ள போயிடுச்சு.

ஓமுர்பெக்: அந்தத் தகடா? போன வருஷம்தானே நானே உக்காந்து பட்டி வெச்சு, மேல தார் பூசினேன்?

பெர்மெட்: பட்டி இருக்கு. தாரும் இருக்கு. நடுவுல இரும்பைத்தான் காணோம்.

ஓமுர்பெக்: ஹ்ம்… உன் புருஷன் எல்தியார் அப்பவே சொன்னான். ‘அப்பா, துரு தின்னுடுச்சு, தகட்டை வெட்டி எடுத்துட்டு வேற வைக்கணும், டிங்கர் கடைக்கு விடலாம்’னான். ‘நீ பொறக்கறதுக்கு முந்தியே ஓட்டறவன்டா நான்’னு பெருசா பேசினேன். இன்னிக்கு அவன் தகடு வாங்கிட்டு வர்றதுக்குள்ள பழசைத் தட்டிப் பாத்துடலாம்னு கீழ பூந்தேன் பாரு… தட்டினேன். பதில் சொல்லிடுச்சு.

பெர்மெட்: இப்ப எதுக்கு அதெல்லாம்?

ஓமுர்பெக்: பேசிக்கிட்டிருந்தா பயம் தெரியாதும்மா. உனக்காகச் சொல்றேன். எனக்கென்ன, சொகுசாப் படுத்திருக்கேன்… கட்டை எப்படி இருக்கு?

பெர்மெட்: எந்தக் கட்டை?

ஓமுர்பெக்: விறகுக் கட்டை. ஜாக்கி வழுக்கினாலும் தாங்கட்டும்னு அச்சுக்குக் கீழ வெச்சேனே. அது ஒண்ணுதானே இப்ப என்னையும் காரையும் பிரிச்சு வெச்சிருக்கு.

பெர்மெட்: நல்லா… கெட்டியாத்தான் இருக்கு.

ஓமுர்பெக்: இருக்கும், இருக்கும். நம்ம தோட்டத்து ஆப்பிள் மரம்.

பெர்மெட்: நான் ஓடிப்போய் யாரையாவது கூட்டிட்டு வரட்டா?

ஓமுர்பெக்: யாரை? தெருவே கல்யாண விருந்துக்குப் போயிருக்கு. உன் மாமியார் உள்பட. அங்க அலறுற பாட்டுல நீ கத்தினா யார் காதுல விழப்போகுது? எல்தியாருக்குப் போன் போட்டியா?

பெர்மெட்: ரெண்டு தடவை போட்டேன். எடுக்கல. பழைய கார்ச் சந்தை இல்லியா, ஒரே இரைச்சலா இருக்கும்.

ஓமுர்பெக்: மறுபடி போடு.

பெர்மெட்: போனை பானெட் மேல வெச்சேன். இதோ எடுத்து— ஐயோ! மாமா! மாமா!

ஓமுர்பெக்: இருக்கேன்… இருக்கேன்மா. என்னமோ ‘டப்’புன்னு கேட்டுச்சு. பக்கத்து வீட்டு நாய் வாளியைத் தள்ளிடுச்சு போல.

பெர்மெட்: ஆ… ஆமா மாமா. நாய்தான்.

ஓமுர்பெக்: பொல்லாத நாய்… அது என்ன, இரும்பு உரசற சத்தம்?

பெர்மெட்: ஒண்ணுமில்ல. வழியில இந்த நீளக் குழாய் கிடந்தது. நகத்தி… வைக்கறேன்…

ஓமுர்பெக்: ஏன் இப்படி மூச்சு வாங்குது?

பெர்மெட்: கனம் மாமா… ஆச்சு. வெச்சுட்டேன். உக்காந்துட்டேன்.

ஓமுர்பெக்: எதுல?

பெர்மெட்: …ஸ்டூல்ல.

ஓமுர்பெக்: பாருடா! கல்யாணமாகி ரெண்டு வருஷமா நின்னுக்கிட்டே டீ ஊத்தினவ, மாமனார் முன்னாடி உக்காந்துட்டாளே!

பெர்மெட்: நீங்கதான் இப்பப் பாக்க முடியாதே.

ஓமுர்பெக்: அடிப்பாவி, வாயெல்லாம் இருக்கா உனக்கு? இது வரைக்கும் என்கிட்ட நீ பேசினது ‘டீ ஆறிடும் மாமா’ மட்டுந்தான்.

பெர்மெட்: உங்களைக் கண்டா பயம்.

ஓமுர்பெக்: இப்ப?

பெர்மெட்: இப்பவும் பயந்தான். அது வேற பயம்.

ஓமுர்பெக்: …போன் அடிக்குது.

பெர்மெட்: அடிக்கட்டும். கடன் வேணுமான்னு கேக்கறவனா இருக்கும்.

ஓமுர்பெக்: ஆமாமா, அவனுங்களுக்கு வேற வேலை என்ன? எடுக்காத. நீ உக்காந்தே இரு.

பெர்மெட்: …நின்னு போச்சு.

ஓமுர்பெக்: போகட்டும். ஏம்மா, நீ மலை மேய்ச்சல்ல வளர்ந்தவதானே? குதிரை ஏறியிருப்ப.

பெர்மெட்: நடக்கறதுக்கு முன்னாடியே ஏறினேன்.

ஓமுர்பெக்: முரட்டுக் குதிரைன்னா எப்படி உக்காருவ?

பெர்மெட்: பல்லைக் கடிச்சுக்கிட்டு.

ஓமுர்பெக்: அது சரி. ஆனா கொஞ்சம் பின்னாடி தள்ளி உக்காரணும். அப்பத்தான் இடுப்பு வலிக்காது. இப்பவும் அப்படி உக்காரேன். பின்னாடி… இன்னும் கொஞ்சம்… மெதுவா… ஆங். இப்பக் காத்து நல்லா வருது.

பெர்மெட்: கை வழுக்குது மாமா.

ஓமுர்பெக்: பாவாடையில துடைச்சுக்கோ. ஒவ்வொரு கையா. அவசரமே இல்ல. குதிரை எங்கயும் ஓடாது.

பெர்மெட்: அழுகை வருது.

ஓமுர்பெக்: அழு, தப்பில்ல. குலுங்காம அழு.

எல்தியார்: என்ன இது, வாசக்கதவு பாட்டுக்குத் திறந்து கிடக்கு? பெர்மெட்! அருமையான தகடு, துருவே இல்ல— ஏய், குழாய் மேல எதுக்கு ஏறித் தொங்கற? அப்பா எங்க?

பெர்மெட்: உஷ்! கிட்ட வாங்க. மாமா காருக்கு அடியில இருக்காரு. கட்டை ரெண்டாப் பொளந்து சரிய ஆரம்பிச்சுடுச்சு. கல்லு மேல குழாயை வெச்சு அச்சை நெம்பி, இந்த முனையில நான் உக்காந்திருக்கறதாலதான் காரு நிக்குது. மாமாவுக்குத் தெரியாது. சாதாரணமாப் பேசிக்கிட்டே லாரி ஜாக்கியை எடுத்துட்டு வாங்க. அச்சுல வைங்க, தகட்டுப் பக்கமே போகாதீங்க.

எல்தியார்: அ… அப்பா! சௌ… சௌக்கியமா?

ஓமுர்பெக்: காலையில பாத்தவனை சௌக்கியமான்னு கேக்கறான் பாரு. தகட்டைத் தட்டிப் பாத்து வாங்கினியா?

எல்தியார்: தட்டினேம்ப்பா. ‘ணங்’னு சொல்லுது. இதோ… ஜாக்கி வெச்சுட்டேன். ஏறுது… ஏறுது… இப்ப வாங்க. கையைக் குடுங்க.

ஓமுர்பெக்: இருடா, தொப்பை முதல்ல வரட்டும்… அப்பாடா.

பெர்மெட்: வந்துட்டாரா? முழுசா வந்துட்டாரா? காலும்?

எல்தியார்: முழுசா வந்துட்டாரு. நீ இறங்கு.

பெர்மெட்: இறங்க… முடியல. கால் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருக்கு.

ஓமுர்பெக்: நகருடா, நான் பிடிக்கறேன். என் தோளைப் பிடிச்சுக்கம்மா. அப்படித்தான்.

பெர்மெட்: மன்னிச்சுடுங்க மாமா. உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன். கட்டை அப்பவே உடைஞ்சுடுச்சு. தெரிஞ்சா நீங்க பயந்துடுவீங்கன்னு…

ஓமுர்பெக்: என் காதுக்குப் பக்கத்துல உடைஞ்சது எனக்குத் தெரியாதாம்மா? வாயைத் திறந்து சொன்னா நீ பதறிக் குதிச்சுடுவியோன்னுதான் நாயி, குதிரைன்னு உளறிக்கிட்டுக் கிடந்தேன். அங்கேருந்து எனக்குத் தெரிஞ்சது உன் ரெண்டு செருப்புதான். அந்தரத்துல நடுங்கிக்கிட்டே தொங்குச்சு. அது தரையில பட்டா நான் முடிஞ்சேன்னு, கண்ணைக்கூடச் சிமிட்டாம அதையே பாத்துக்கிட்டிருந்தேன்… படவே இல்லியேம்மா.