ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை

ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் யாராலும் உருப்படியாகப் படிக்க முடியாது, தம்பி. காப்பீட்டு அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக ஆங்கிலக் கடிதம் எழுதுகிறவள் சொல்கிறேன். உங்கள் மனைவிக்கு, அதாவது என் தங்கைக்கு, நான் பத்துக்கு மேல் கொடுத்ததே இல்லை.

அவள் மருந்துக் கடைக்குப் போயிருக்கிறாள். வர அரை மணி ஆகும். அதற்குள் நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிடுகிறேன். டீயைக் குடியுங்கள், ஆறுகிறது.

சுவரெல்லாம் ஒட்டியிருக்கும் சீட்டுகளைப் பார்க்கிறீர்கள். உங்கள் நாட்டில் நர்ஸ் வேலைக்கு அவள் எழுதும் இங்கிலீஷ் பரிட்சைக்கான வார்த்தைகள், எல்லாம் என் கையெழுத்து. பிரிட்ஜில் 'மெட்டிகுலஸ்', அம்மாவின் கட்டில் காலில் 'ரெசிலியன்ட்', மூத்திரப் பாத்திரம் வைக்கும் அலமாரியில் 'யுபிக்விட்டஸ்'. 'குட்', 'பிக்', 'வெரி' மூன்றுக்கும் இந்த வீட்டில் தடை. தங்கை நர்ஸாக இருந்தவள் அல்லவா, எதையும் ரெண்டே வரியில் சொல்லி முடித்துவிடுவாள். காய்ச்சல், மாத்திரை கொடுத்தேன், இறங்கிவிட்டது. அதுதான் அவள் இங்கிலீஷ்.

"ஏன்க்கா, கேட்டதுக்குப் பதில் சொன்னா போதாதா?" என்பாள்.

"போதும்டி, காய்கறிக் கடையில. பரிட்சையில வார்த்தைக்குத்தான் மார்க்கு."

அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லையே தவிர, வாய்க்கு ஒரு குறையுமில்லை. "இவ கத்துற கத்துல எனக்கே இங்கிலீஷ் வந்துடும் போலிருக்கே. மாப்பிள்ளைய என்னைக் கூட்டிட்டுப் போகச் சொல்லு," என்று படுத்தபடியே சிரிப்பாள்.

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பகலில் நாலு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், துடைக்க வேண்டும், ஊட்ட வேண்டும். உங்களிடம் வர விசா கிடைக்கும்வரைதானே என்று தங்கை வேலையை விட்டுவிட்டு அதைச் செய்தாள். நான் ஒன்பது மணிக்குக் கிளம்பினால் ஆறு மணிக்குத்தான் திரும்புவேன். அலுவலகத்தில் எனக்கு ஜன்னலோர மேஜை. அங்கே என்னை மேடம் என்பார்கள். தங்கை உங்களிடம் வந்துவிட்டால் அந்த மேஜையை நான் விட வேண்டும். ஆள் வைக்கலாமே என்பீர்கள். வைத்தோம். இரண்டு பேரையும் அம்மா ஒரே வாரத்தில் விரட்டிவிட்டாள். மூத்தவள் கல்யாணம் காட்சி இல்லாமல் சும்மாதானே இருக்கிறாள், அவள் பார்த்துக்கொள்ளட்டும் என்று நீங்கள் எல்லாரும் பேசி முடித்திருந்தீர்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

முதல் பரிட்சைக்குப் போனபோது இந்தச் சீட்டெல்லாம் கிடையாது. அவளுடைய ரெண்டு வரி இங்கிலீஷோடு போய்விட்டு வந்தாள். முடிவு வந்த அன்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "எனக்குப் பார்க்கவே பயமா இருக்குக்கா, நீயே பாரு," என்றாள். விண்ணப்பம் போட்டது என் போனில், என் மின்னஞ்சலில். திறந்து பார்த்தேன். நாலு பகுதியிலும் தேறியிருந்தாள். உங்கள் கையில் இருக்கும் தாளில் உள்ள அதே மதிப்பெண்கள்தான்.

"என்னக்கா?"

"எழுதுறதுல அரை மார்க்குல போச்சுடி. வார்த்தை பத்தல."

அன்று சாயங்காலமே பட்டியலைத் தொடங்கினோம்.

அடுத்த முறை, உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பட்டியலில் இருந்த 'ப்ளெதோரா'வை எங்கே நுழைப்பது என்று தேடிக்கொண்டு ஒரு நிமிடம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாளாம். அதற்கடுத்த முறை நான் எழுதிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தாள். மனப்பாடம் என்று தெரிந்தால் மதிப்பெண் விழாது. எனக்கு அது தெரியும். நாலாவது முறை பாதியில் எழுந்து வந்துவிட்டாள். இப்போதெல்லாம் தமிழில்கூடச் சட்டென்று பேச்சு வருவதில்லை. சாப்பிட்டியா என்றால் சற்று யோசித்துத்தான் தலையாட்டுகிறாள்.

முதல் தேர்வு முடிவின் நகல் ஒன்று, அவள் வேலைக்கு விண்ணப்பித்திருந்த உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போகும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வேலைக்குக் கூப்பிட்டு அவர்கள் போட்ட கடிதமும் என் மின்னஞ்சலுக்குத்தான் வந்தது. அவள் பெயரில் பதில் எழுதினேன். குடும்பச் சூழ்நிலையால் வர இயலவில்லை, மன்னிக்கவும், நன்றி. மூன்றே வரி. பெரிய வார்த்தை ஒன்றுகூடப் போடவில்லை. காரியக் கடிதத்துக்கு அது ஆகாது.

நீங்களும் ஒருநாள் போனில் கேட்டீர்கள். "அண்ணி, அவ நிஜமாவே படிக்கிறாளா, இல்ல வர இஷ்டமில்லாம இழுத்தடிக்கிறாளா?"

"படிக்கிறத பார்க்கிறேன் தம்பி. மனசை நான் எப்படிப் பார்க்க?" என்றேன். அதில் ஒரு சொல் பொய்யில்லை. அதன்பிறகு தினம் வந்த போன் வாரம் ஒன்றாகி, மாதம் ஒன்றாகி, விவாகரத்துக் காகிதம்வரை வந்தது. அவளுடைய வேலை விண்ணப்பத்தைத் திரும்ப வாங்க நீங்கள் அந்த ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள், அங்கே ஒரு குமாஸ்தா பழைய கோப்பிலிருந்து இந்தத் தாளை எடுத்துக் கொடுப்பார் என்பதை நான் யோசிக்கவில்லை.

அந்தத் தேர்ச்சிக்கு ஆயுள் இரண்டு வருடம். போன மாதத்தோடு முடிந்தது. இனி அதைக் காட்டி அவளை அழவைப்பதில் யாருக்கு என்ன லாபம்?

படியில் சத்தம் கேட்கிறது, அவள்தான். சொல்லத்தான் போகிறீர்கள் என்று உங்கள் முகமே சொல்கிறது. சொல்லுங்கள். ஆனால் அக்கா பொய் சொன்னாள் என்று மட்டும் சொல்லாதீர்கள், தம்பி. அதற்கப்புறம் எழுதிய மூன்றிலும் அவள் நிஜமாகவே தோற்றாள். நான் கொஞ்சம் முன்கூட்டிச் சொன்னேன், அவ்வளவுதான்.