தோளில் போன பெட்டி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் சார், அடக்கம் நல்லபடியாக நடந்தது. மழை வரும்போல இருந்தது, வரவில்லை.

நாங்கள் உடன்குடிப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்குப் பனியன் வேலைக்கு வந்தவர்கள். ராயபுரத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஜெபம் தொடங்கி, பிறகு கோவிலாகவே கட்டினோம். ஞாயிற்றுக்கிழமை உட்கார இடம் கிடைக்காது. இப்போது பிள்ளைகள் டிரம்ஸும் திரையும் உள்ள பெரிய ஜெபக்கூடங்களுக்குப் போய்விட்டார்கள். வேலை போனவர்கள் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். சபையே சேர்ந்து உண்ணும் அசனம் நின்றது. கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடுவது நின்றது. எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தேன். நான் பிடிவாதக்காரன் இல்லை.

ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. எங்களில் இறந்தவர்களை வேனில் ஏற்ற மாட்டோம். கோவிலிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை தோளில்தான். நான் முன்னால் கீர்த்தனை பாடிக்கொண்டு நடப்பேன். கம்பெனி வேன்களும் சரக்கு லாரிகளும் ஓரங்கட்டி நிற்கும். வேறு எதற்கும் இந்த ஊர் எங்களுக்காக நின்றதில்லை.

தவக்காலத்தில் என் மனைவி ரோஸ்மேரி நெஞ்சுச் சளியில் படுத்தாள். சர்க்கரை வேறு. டாக்டரே கைவிரித்துவிட்டார். "என்னையும் தோள்லயே கொண்டு போயிருங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாக்குக் கொடுத்தேன். தூக்குகிறவர்களிடம் சொல்லியும் வைத்தேன்.

ஆனால் அவள் பிழைத்துக்கொண்டாள். கஞ்சி குடித்தாள், பிறகு சோறு. வாசலில் உட்கார்ந்து பக்கத்து வீட்டு வேல்விழியோடு முருங்கைக் கீரை உருவினாள். எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

அந்த வாரம்தான் ஐயர் வந்தார். எங்கள் போதகரை அப்படித்தான் சொல்வோம். வெள்ளகோவில்காரர்.

"மனசைத் தேத்திக்கோணுங்கண்ணா. நம்ம கோவில டவுன் சபையோட சேத்தறாங்க. அங்க எல்லாம் வேன்தானுங்க."

"தோள்ல தூக்கக் கூடாதாய்யா?"

"தூக்கறதுக்கு ஆள் வேணுமல்லங்க. இருக்கறதே நாலு பேரு. அதுல மாரிச்செல்வமும் அவந்தம்பியும் மாசக் கடைசில ஊருக்குப் போறாங்க."

நிதானமாக யோசித்தேன் சார். ரோஸ்மேரி இன்னும் பத்து வருடம் இருப்பாள் என்று டாக்டர் இப்போது சொல்லிவிட்டார். மாரிச்செல்வம் மாதக் கடைசி வரைதான் இருப்பான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நீங்களும் அதே முடிவுக்குத்தான் வருவீர்கள்.

இன்சுலினை எப்போதும் நான்தான் போடுவேன். அன்று காலையும் நான்தான் போட்டேன். வழக்கமான அளவு இல்லை, அதைவிட அதிகம். சாப்பிட எதுவும் கொடுக்கவில்லை. அவளுக்கு வியர்த்துக் கொட்டியது, நாக்குக் குழறியது. கையைப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பிடித்த கீர்த்தனையைப் பாடினேன்.

வேல்விழி உங்களிடம் சொன்னது உண்மை. வேலைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, அக்கா மொகமெல்லாம் இப்படி வேத்திருக்குது? ஆட்டோ கூப்படட்டுங்களா?"

"வேண்டாம் தாயி, தூங்கட்டும்" என்றேன். அவள் தயங்கித் தயங்கித்தான் போனாள். நல்ல பெண். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை.

மறுநாள் எல்லாம் முறையாக நடந்தது. லாரிகள் நின்றன. ஒரு பஸ்ஸும் நின்றது. மாரிச்செல்வம் தோளில் பெட்டியோடு அழுதுகொண்டே வந்தான். என் குரல் எங்கும் உடையவில்லை.

அவளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்கிறீர்கள். கேட்டேன் சார். ஐயர் வந்துபோன அன்றே விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு இருக்கிய? வேன்லயே கொண்டு போங்க. அதுக்கு இன்னும் எம்புட்டு நாளு கெடக்கு."

என்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொன்னாள் சார். அவள் மனதில் இருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.