விமானச் சீட்டும் ஜன்னல் துண்டும்

"டைப் கத்துக்கிட்டு எந்த ஆபீஸ்ல உக்காரப்போற?" என்று சித்தப்பா கேட்டதிலிருந்து, வகுப்பை நிறுத்திவிடலாமா என்றிருந்தேன். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்.

அன்று வகுப்பைப் பாதியில் விட்டு ஊருக்குப் போக நான் வந்து நின்ற செஞ்சி பஸ் ஸ்டாண்டில், வல்லம் பஸ் ஜன்னலுக்குள் துண்டைப் போட்டு இடம் பிடித்த ஒரு கடைக்காரர், மெட்ராஸில் விமான டிக்கெட் ஆபீஸில் வேலை பார்க்கும், கூட வந்திருந்த மச்சானைக் கேட்டார்.

"ப்ளேன்லயும் இப்படித்தானா?"

"அமெரிக்காவுல கம்ப்யூட்டர் வெச்சிருக்காங்க மாமா. எந்த ஊர்ல சீட்டு வித்தாலும் அதுல பதிஞ்சிடும். அதே சீட்டை வேற ஊர்ல விக்க முடியாது."

"அப்ப எவன் துண்டு முதல்ல விழுந்துச்சின்னு சண்டையே இல்லையா? சப்புனு இருக்குமே. அதுக்கிட்ட யாரு போய்ச் சொல்றது?"

"டைப் தெரிஞ்ச பொண்ணுங்கதான். இங்க கம்ப்யூட்டர் வந்தாலும் அவங்களைத்தான் தேடுவாங்க."

நான் அந்தப் பஸ்ஸில் ஏறவில்லை. வகுப்புக்குத் திரும்பிப் போய், டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சைக்குப் பெயர் கொடுத்தேன்.